ரோபோ வரலாற்றில் எது நிஜ மைல்கல், எது வேடிக்கை?

வாசல்_வேம்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு தலைப்பில் யாரையாவது பேச வைப்பார்கள், இந்த மாதம் என் தலையில் விழுந்திருப்பது "நவீன ரோபோக்களின் வரலாறு". நான் பேங்கில் வேலை பார்ப்பவள். ரோபோவுக்கும் எனக்கும் உள்ள ஒரே உறவு, கட்டிலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு கத்துகிற அந்த வட்டமான வாக்யூம் கிளீனர்தான்.

நெட்டில் தேடினால் எல்லாப் பட்டியலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. டாவின்சி வரைந்த இயந்திர வீரனில் ஆரம்பித்து, 1961 யூனிமேட், 1973 வாபாட், 2000இல் ஹோண்டாவின் மனித உருவ ரோபோ அசிமோ என்று தாவி, 2017இல் சோபியா என்ற பேசும் ரோபோவுக்குச் சவூதி குடியுரிமை கொடுத்ததில் முடிகிறது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சொல்வதில்லை. இதை அப்படியே வாசித்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தாவது நிமிடம் கொட்டாவி விடுவார்கள், எனக்கே வருகிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: இதில் எது நடக்காமல் போயிருந்தால் இன்றைய ரோபோ இருந்திருக்காது? அப்புறம் அந்த யூனிமேட். படம் பார்த்தேன், பீரங்கி மாதிரி ஒற்றைக் கை, முகமும் இல்லை காலும் இல்லை. இதைப் போய் ஏன் எல்லோரும் கொண்டாடுகிறார்கள்? தானாக ஓடும் மெஷின்கள் அதற்கு முன்பே தொழிற்சாலைகளில் இருந்தனவே? பேச 20 நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஷிப்ட்_சி எழுதியது:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். நான் ஒரகடம் பக்கம் 14 வருடமாக ரோபோ லைனில் மெயின்டனன்ஸ், அதனால் புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

யூனிமேட்டுக்கு முன்னால் இருந்த தானியங்கி மெஷின்களில் செய்ய வேண்டிய வேலை இரும்பிலேயே வெட்டப்பட்டிருக்கும். கேம் என்ற சுழலும் இரும்புத் துண்டின் வடிவம் எப்படியோ அப்படித்தான் அசைவு. வேலை மாறினால் கேமைக் கழற்றி வேறு ஒன்று செய்து மாட்ட வேண்டும், இல்லையென்றால் மெஷினையே ஓரம் கட்ட வேண்டும். ஜார்ஜ் டெவால் என்ற அமெரிக்கர் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது (1961இல்தான் கையில் கிடைத்தது) வேறு ஒரு யோசனைக்கு: கை ஒன்று, அது எங்கெங்கே போக வேண்டும் என்பது தனியாக ஒரு காந்த உருளையில் பதிவாகியிருக்கும், வேலை மாறினால் பதிவை மட்டும் மாற்று, கை அதே கை. இவ்வளவுதான். இன்று நான் தினமும் கட்டி அழுகிற ரோபோவும் அடிப்படையில் இதையேதான் செய்கிறது.

டெவால் 1956இல் ஒரு விருந்தில் ஜோசப் எங்கல்பெர்கரைச் சந்தித்தார். எங்கல்பெர்கர் இன்ஜினியர், ரோபோக் கதைகளில் பைத்தியம் உள்ளவர், அதற்கு மேல் விற்கத் தெரிந்தவர். 1961இல் நியூஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை ஒன்றில் முதல் யூனிமேட் வேலைக்கு நின்றது. எடை கிட்டத்தட்ட 1,800 கிலோ, ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தில் ஓடுவது. வேலை, டை காஸ்டிங், அதாவது உருகிய உலோகத்தை அச்சில் வார்க்கும் மெஷினிலிருந்து சூடாக வரும் வார்ப்பைப் பிடித்து எடுப்பது. டை காஸ்டிங் ஷாப்பில் ஒரு ஷிப்ட் நின்றவருக்கு ஏன் அந்த வேலையை முதலில் கொடுத்தார்கள் என்று விளக்கவே வேண்டாம், சூடும் புகையும் ஒரு பக்கம், ஒரு நொடி கவனம் தப்பினால் விரல் போகும் என்பது இன்னொரு பக்கம். அதே எங்கல்பெர்கர் 1966இல் ஒரு யூனிமேட்டை அமெரிக்காவின் பெரிய டிவி நிகழ்ச்சிக்கே கொண்டு போனார். அது அங்கே கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளியது, பீர் ஊற்றியது, இசைக்குழுவை நடத்துகிற மாதிரி குச்சியும் ஆட்டியது. வேடிக்கை காட்டாமல் அன்றைக்கும் ஒன்றும் விற்கவில்லை பாருங்கள்.

இன்னொரு கதை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நார்வேயில் பிரைனே என்ற சிற்றூரில் டிரால்ஃபா என்று ஒரு கம்பெனி, தயாரித்தது தள்ளுவண்டி. ஒற்றைச் சக்கரம், இரண்டு கைப்பிடி, கட்டட வேலையில் மண் அள்ளும் அதேதான். பெயின்ட் அடிக்க ஆள் கிடைக்கவில்லை, நாள் முழுக்க அந்த நெடியில் யார் நிற்பார்கள்? 1967இல் அவர்களே பெயின்ட் அடிக்கும் ரோபோ ஒன்றைச் செய்துகொண்டார்கள், பிறகு 1969இலிருந்து அதையே மற்றவர்களுக்கு விற்கவும் ஆரம்பித்தார்கள். கற்றுக்கொடுத்த விதம்தான் அழகு. கைதேர்ந்த பெயின்டர் ஒருவர் ரோபோவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வண்டிக்குப் பெயின்ட் அடிப்பார், அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து "அ" எழுத வைக்கிற மாதிரி. அந்த அசைவு பதிவாகிவிடும், அப்புறம் அது தானே அடித்துக்கொண்டே இருக்கும்.

1969இல் விக்டர் ஷைன்மன் ஸ்டான்போர்டில் செய்த மின்சாரக் கை, 1974இல் ஸ்வீடனின் ASEA என்ற கம்பெனி கொண்டுவந்த மைக்ரோபிராசஸர் ரோபோ, இரண்டையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஆயில் லீக் துடைத்த ஆட்களுக்குத்தான் ஹைட்ராலிக்கை விட்டு மோட்டாருக்கு வந்ததன் அருமை தெரியும்.

ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். இந்தக் கைகளுக்குக் கண் கிடையாது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு சின்ன கம்பெனியில் ஒரு இரவு ஃபோர்க் லிஃப்ட் பின்னால் வரும்போது கார் கதவைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சரை லேசாக இடித்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. ஆறு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. ரோபோ வழக்கம்போல வந்தது, வழக்கமான இடத்தில் கிள்ளி ஸ்பாட் வெல்டிங் அடித்தது, பொறி பறந்தது, போனது. காலையில் எண்ணிப் பார்த்தால் 43 கதவு, எல்லாவற்றிலும் ஸ்பாட் ஒரே மாதிரி தப்பான இடத்தில், அதுவும் என்ன ஒரு துல்லியம். மனிதன் என்றால் இரண்டாவது கதவிலேயே "என்னடா இது" என்று நிமிர்ந்து பார்த்திருப்பான்.

ஒற்றைக்கண்_கேமரா எழுதியது:

அந்த 43 கதவுதான் இந்த வரலாற்றின் மறுபாதி. நான் கேமரா, இமேஜ் பிராசஸிங் பக்கம், அதனால் சாய்ந்துதான் பேசுவேன்.

ஷிப்ட்_சி சொன்னது மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் ரோபோ. சுற்றிப் பார்த்து, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்து, என்ன செய்வது என்று முடிவெடுக்கும் ரோபோவுக்குத் தனி வம்சம் உண்டு, அதில் முதலில் வருவது ஷேக்கி. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சிக் கழகத்தில் 1966இலிருந்து 1972 வரை செய்தார்கள். சக்கரத்தின் மேல் ஒரு பெட்டி, மேலே டிவி கேமரா, சுவரில் இடித்தால் தெரிவதற்குப் பூனை மீசை மாதிரி கம்பிகள், நகரும்போது கிடுகிடுவென்று ஆடும், அதனால்தான் அந்தப் பெயரே. மூளை உடம்பில் இல்லை, தனியாக ஒரு பெரிய கம்ப்யூட்டர், ரேடியோ வழியாகப் பேச்சு. "அந்தக் கட்டையைத் தள்ளு" என்றால் வழியில் என்ன இருக்கிறது, எதை முதலில் நகர்த்த வேண்டும் என்று அதுவே திட்டம் போடும். இதற்காக ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் 1968இல் வெளியிட்ட வழிதேடும் முறைக்கு ஏ-ஸ்டார் என்று பெயர். கம்ப்யூட்டர் கேமில் எதிரி உங்களைத் துரத்தி வரும்போது சுவரைச் சுற்றி வருகிறான் இல்லையா, பெரும்பாலும் அதற்குள் இருப்பது இதுவோ இதன் பங்காளியோதான். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எனக்கு ஒரே ஒரு மைல்கல்தான் சொல்ல அனுமதி என்றால் ஷேக்கியைச் சொல்ல மாட்டேன், அதற்கு அடுத்து வந்த ஸ்டான்போர்டு வண்டியைத்தான் சொல்வேன். ஹான்ஸ் மொராவெக் என்ற ஆராய்ச்சி மாணவர், 1979. நான்கு சக்கர வண்டி, மேலே ஒரு தண்டவாளத்தில் இடமும் வலமும் நகரும் கேமரா. ஒரே காட்சியை ஒன்பது இடத்திலிருந்து படம் எடுக்கும், படங்களை ஒப்பிட்டு எந்தப் பொருள் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடும், ஒரு மீட்டர் நகரும், நிற்கும், திரும்பவும் ஒன்பது படம். ஒவ்வொரு அடிக்கும் பத்து பதினைந்து நிமிடம். நாற்காலிகள் போட்ட ஒரு அறையை, சுமார் 20 மீட்டர், யார் கையும் படாமல் கடந்தது. எடுத்துக்கொண்ட நேரம் ஐந்து மணி நேரம்!

வெளியே வெயிலில் ஓட்டிப் பார்த்தபோது இன்னும் வேடிக்கை. அது யோசித்து முடிப்பதற்குள் சூரியன் நகர்ந்துவிடும், நிழலும் நகர்ந்துவிடும், போன தடவை பார்த்த நிழலின் ஓரத்தை இந்தத் தடவை அதே இடத்தில் காணவில்லை என்று குழம்பும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, நானும் லைட் மாறியதால் கெட்டுப்போன கேமரா செட்டப்போடு மூன்று ராத்திரி உட்கார்ந்தவன்.

அதே மொராவெக் பிற்பாடு 1988இல் எழுதியதுதான் இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. பெரியவர்களைத் திணற வைக்கும் செஸ் மாதிரியான வேலைகளைக் கம்ப்யூட்டரைச் செய்ய வைப்பது ஒப்பீட்டில் எளிது, ஒரு வயதுக் குழந்தை பார்ப்பதையும் நகர்வதையும் செய்ய வைப்பதுதான் கஷ்டம் என்பது அதன் சாரம். நமக்கு எது எளிதோ அது மெஷினுக்கு மலை.

ஐந்து மணி நேரம் எப்படிக் குறைந்தது என்பதற்கு 2004க்கு வாருங்கள். அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா, மொகாவே பாலைவனத்தில் ஆளில்லா வண்டிகளுக்குப் பந்தயம் வைத்தது. தூரம் 142 மைல், பரிசு 10 லட்சம் டாலர். ஒன்றுகூட முடிக்கவில்லை. அதிக தூரம் போன கார்னகி மெலன் பல்கலைக்கழக வண்டியே 7.4 மைலில், ஒரு கொண்டை ஊசி வளைவில் மண் மேட்டில் ஏறி மாட்டி, சக்கரம் புகைந்து நின்றது. மறுவருடம் பாலைவனத்தில் 132 மைல். ஐந்து வண்டி முடித்தன. முதலில் வந்தது ஸ்டான்போர்டின் ஸ்டான்லி, ஏழு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. எல்லோரும் தோற்றுப்போன அடுத்த வருடமே! நடுவில் மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை, லேசர் ஸ்கேனர், கம்ப்யூட்டரின் வேகம், அதைவிட முக்கியமாக "சென்சார் சொல்வதை முழுசாக நம்பாதே, எவ்வளவு நம்பலாம் என்று கணக்கு வைத்துக்கொள்" என்கிற நிகழ்தகவு முறை.

தேநீர்_இடைவேளை எழுதியது:

எல்லாம் சரி, அசிமோவைக் கழற்றிவிட்டீர்களே. பிள்ளைகள் கேட்கப்போவது அதைத்தான். ஹோண்டா 1986இலிருந்து மறைவாகக் கால்களை மட்டும் செய்து பார்த்துக்கொண்டிருந்து, 1996இல் பி2 என்ற நடக்கும் ரோபோவைக் காட்டியபோது உலகமே வாயைப் பிளந்தது. இரண்டு காலில் நடப்பது சின்ன விஷயமா?

ஒற்றைக்கண்_கேமரா எழுதியது:

சின்ன விஷயம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேடை வேறு, உலகம் வேறு. 2006இல் ஒரு நிகழ்ச்சியில் அசிமோ படியேறப் போய் விழுந்ததும், ஆட்கள் ஓடிவந்து திரை வைத்து மறைத்ததும் இன்னும் யூடியூபில் இருக்கிறது. 2011இல் புகுஷிமா அணுஉலை விபத்து நடந்தபோது ஜப்பானியர்களே கேட்டார்கள், நம் அசிமோ எங்கே என்று. உள்ளே முதலில் போனது செயின் சக்கரம் வைத்த, அமெரிக்காவின் பேக்பாட். பார்த்தால் பொம்மை டாங்க் மாதிரி இருக்கும். அதைச் செய்த அதே கம்பெனிதான் வேம்பு மேடம் கட்டிலுக்கு அடியில் கத்துகிற ஜாதியைப் பிரபலமாக்கியதும், ரூம்பா, 2002.

புகுஷிமாவை மனதில் வைத்து டார்பா நடத்திய போட்டியின் இறுதிச் சுற்று 2015இல். கதவைத் திற, வால்வைத் திருகு, படியேறு, அவ்வளவுதான் பாடம். உலகத்தின் நல்ல நல்ல ரோபோக்கள் கதவுக்கு முன்னால் குடித்தவன் மாதிரி சரிந்து விழுந்தன. ஜெயித்த கொரியாவின் டிஆர்சி-ஹூபோ என்ன செய்தது தெரியுமா? நடக்கவும் தெரியும், ஆனால் முட்டி போட்டால் அங்கே சக்கரம், உருண்டு போய்விடும்! எனக்கு அந்த ரோபோவை மிகவும் பிடிக்கும்.

கால் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் மார்க் ரைபர்ட்டைச் சொல்லுங்கள். 1980களின் தொடக்கத்தில் ஒற்றைக் காலில் குதிக்கும் ரோபோ செய்தார். விழாமல் நிற்பது எப்படி என்பதை விட்டுவிட்டு, விழப்போகும் பக்கம் அடுத்த அடியை வைப்பது எப்படி என்று யோசித்தார். நொண்டி விளையாடும் குழந்தை செய்வது அதைத்தான். 1992இல் பாஸ்டன் டைனமிக்ஸைத் தொடங்கியது அவர்தான்.

பழைய_கிண்டி எழுதியது:

இளைஞர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன், நடுவில் ஒரு வார்த்தை. மேலே வந்த பெயர்களில் மொராவெக், ரைபர்ட், அந்தப் புகைந்த சக்கர வண்டி, எல்லாவற்றையும் ஒரு கயிற்றில் கோக்கலாம், கவனித்தீர்களா? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ரோபாட்டிக்ஸ் இன்ஸ்டிட்யூட். ஸ்டான்லியைச் செய்த ஸ்டான்போர்டு குழுவின் தலைவர் செபாஸ்டியன் த்ரன்கூட அதற்கு முன் அங்கே ஆசிரியராக இருந்தவர். ரோபாட்டிக்ஸுக்கென்றே அப்படி ஒரு துறை பல்கலைக்கழகத்தில் வந்தது 1979இல், அதன் முதல் இயக்குநர் ராஜ் ரெட்டி. ஆந்திராவில் காட்டூர் என்ற கிராமத்தில் பிறந்தவர், 1958இல் நம் கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் சிவில் முடித்தவர். ஆம், சிவில். அங்கிருந்து ஆஸ்திரேலியா, பிறகு ஸ்டான்போர்டு. 1994இல் கம்ப்யூட்டர் துறையின் பெரிய விருதான டூரிங் விருது. அவருடைய சொந்த ஆராய்ச்சி பெரும்பாலும் பேச்சைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைப்பதில்தான், ஆனாலும் ரோபோ வரலாற்றில் அவர் பெயரை விடுவது நியாயமில்லை. நானும் அதே காலேஜ் என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமை அதிகம், கழித்துப் படிக்கவும்.

அப்புறம் டாவின்சியை விட்டுவிடுங்கள் அம்மா. ரோபோ என்ற சொல்லே 1920இல் செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் நாடகத்தில் வந்தது, அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தது அவர் அண்ணன் யோசப். "ரொபோதா" என்றால் செக் மொழியில் பண்ணையாருக்குச் செய்யும் கட்டாய உழைப்பு, கூலியில்லாமல் செய்யும் நம்மூர் வெட்டி வேலை.

வாசல்_வேம்பு எழுதியது:

ஐயா, வெட்டி வேலை என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், மிக்க நன்றி. எல்லோருக்கும் நன்றி. இப்போது எனக்கே நூல் பிடிபடுகிறது: முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தது, பிறகு பார்க்கப் பழகியது, கடைசியில் விழுந்து எழப் பழகியது. சோபியாவைத் தூக்கிவிட்டேன். பிள்ளைகளையே வைத்து ஏதாவது செய்து காட்ட முடியுமா? பவர்பாயின்ட் போட அங்கே வசதி இல்லை.

ஷிப்ட்_சி எழுதியது:

ஒரு டம்ளர், ஒரு சொம்பு தண்ணீர் போதும் அக்கா. ஒரு பையனை நிற்க வைத்து, கண் திறந்தபடி நாலு தடவை டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொல்லுங்கள், ஒவ்வொரு தடவையும் கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிறகு கண்ணைக் கட்டி அதையே செய்யச் சொல்லுங்கள், நன்றாகவே ஊற்றுவான். அதுதான் யூனிமேட். இப்போது சத்தம் இல்லாமல் டம்ளரை ஒரு சாண் தள்ளி வையுங்கள். அது என் 43 கதவு.

பாதுகாப்பு பற்றியும் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள், பெரிய பிள்ளைகள்தானே. 1979 ஜனவரி 25, மிச்சிகனில் ஃபோர்டின் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற 25 வயதுத் தொழிலாளி, பாகங்கள் அடுக்கிய ரேக்கில் ஏறியபோது ரோபோவின் கை தலையில் அடித்து இறந்தார். ரோபோவால் இறந்த முதல் மனிதர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அதற்குக் கோபமும் இல்லை, அவர் அங்கே இருப்பதும் தெரியாது. இன்று எங்கள் லைனில் வேலி, கதவைத் திறந்தால் நின்றுவிடும் இன்டர்லாக், எல்லாம் உண்டு. ரோபோ எங்கெங்கே போக வேண்டும் என்று பாயின்ட் கற்றுக்கொடுக்க உள்ளே போனால் கையில் டீச் பெண்டன்ட் என்ற ரிமோட், அதன் பின்னால் ஒரு ஸ்விட்ச். அதை விட்டாலும் ரோபோ நிற்கும், பயந்துபோய் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும், நடுவாகப் பிடித்தால்தான் அசையும். மனிதன் பயந்தால் என்ன செய்வான் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள், அந்த ஸ்விட்ச்சும் என் கணக்கில் ஒரு மைல்கல்.

வாசல்_வேம்பு எழுதியது:

ஞாயிறு முடிந்தது, வந்து சொல்லாமல் இருக்க முடியவில்லை. டம்ளர் விளையாட்டில் பாதித் தண்ணீர் நூலகரின் வருகைப் பதிவேட்டில். சிரித்து அடங்கவே நேரமாகிவிட்டது, ஸ்டான்போர்டு வண்டியின் ஐந்து மணி நேரம் வரைக்கும்தான் போக முடிந்தது, ரைபர்ட்டை இரண்டு வரியில் ஓட்டினேன்.

நார்வே பெயின்டர் கதை முடிந்ததும் பின் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தாரே அந்த அண்ணா, மறுநாள் அவருக்கு என்ன வேலை?" எனக்குப் பதில் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஷிப்ட்_சி தம்பி, என்ன சொல்லட்டும்?

ஷிப்ட்_சி எழுதியது:

நார்வேயில் ஆளே கிடைக்காத இடம், அதனால் அவருக்குப் பிரச்சினை இருந்திருக்காது என்று நினைக்கிறேன். எல்லா இடமும் அப்படி இல்லை. ஓஹியோவில் லார்ட்ஸ்டவுன் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1970 வாக்கில் யூனிமேட்களை வரிசையாக நிறுத்தி, மணிக்கு 100 காருக்கு மேல் இறக்குகிற மாதிரி லைனைக் கட்டியது. ரோபோவின் வேகத்துக்கு மிச்சமிருந்த மனிதர்கள் ஓட வேண்டியிருந்தது. 1972இல் அங்கே பெரிய ஸ்டிரைக்.

என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நான் சேர்ந்த புதிதில் ஒரு லைனை ரோபோவுக்கு மாற்றினார்கள். எந்த ஸ்பாட்டை முதலில் போட்டால் தகடு வளையாது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை, அங்கே 20 வருடம் கையால் வெல்டிங் அடித்த ஒருவரைத்தான் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டுப் பாயின்ட் போட்டோம். மூன்று வாரம். அவரை இன்ஸ்பெக்ஷனுக்கு மாற்றினார்கள், ஓய்வு பெறும் வரை இருந்தார். அவரோடு வேலை பார்த்த கான்ட்ராக்ட் பையன்கள் நாலு பேருக்கு அடுத்த மாதம் கேட் பாஸ் புதுப்பிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் இரண்டையும் சொல்லுங்கள் அக்கா.